அம்மா வாங்கிய வட்டக்கத்தி

எங்கள் அம்மாவுக்கு வாய் ஓயாது. அப்பாவுக்கு வாயே கிடையாது. அம்மாவுக்குப் பயந்து நடக்கிறவர் என்று தெருவில் அவருக்குப் பெயர். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாட்டுப் பொங்கலுக்கு மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் தன் காளைகளுக்குக் கழுத்துப் பட்டை தைக்கச் சொல்லி ஒரு முழுத் தோலைக் கொடுத்திருந்தார். வெட்டு கோணினால் தோல் வீண். அதற்குப் பிறகு யாரும் அப்பாவை நம்பித் தோல் தரமாட்டார்கள். தோல் வெட்டும் பழைய வட்டக்கத்தியோ தீட்டித் தீட்டித் தேய்ந்துவிட்டது. மூவருமாகத் தியாகதுருகத்துப் பட்டறைக்குப் போனோம்.

அப்பா ஒரு கத்தியை எடுத்து உற்றுப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடங்கிவிட்டாள்.

"இன்னாங்க, இது வாய் நடுவுல பள்ளமா கீது. தீட்டினா ஒரே சீரா வராது."

"அதான் பாத்துகினே கீறனே" என்றார் அப்பா.

அடுத்ததன் ஓரத்தில் பிசிறு, இன்னொன்றின் பிடியில் விரிசல் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். பட்டறைக்காரர் சிரித்தார். "கத்தி யாருக்கு, அண்ணனுக்கா, அண்ணிக்கா?" எனக்கு மானம் போயிற்று. கடைசியில் அம்மா நீட்டிய கத்தியை அப்பா கல்லில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு வாங்கினார்.

வீட்டில் தீட்டும்போதும் இதே கதை. "வலப்பக்கம் பளபளன்னு வந்துட்டுது, இடப்பக்கம் இன்னும் கறுப்பா நிக்குது பாருங்க." அப்பா இடப்பக்கத்தைத் தேய்த்தார். பிறகு அம்மா தோலில் நகத்தால் அழுத்திக் கோடு கிழித்தாள். அப்பாவின் இடது விரல் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே முன்னால் போக, கத்தி பின்னால் போயிற்று.

"பென்சிலு எங்கம்மா?" என்றேன்.

"தொலைஞ்சி போச்சி."

கூரையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினேன். அம்மா முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு அப்போதே கண் மங்கிவிட்டது என்பதையும், ஊருக்கு அது தெரியாமலிருக்கத்தான் அம்மா ஓயாமல் பேசினாள் என்பதையும் அறிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

பொங்கலுக்கு முன் பட்டையை வாங்க வந்த மணலூர்பேட்டைக்காரர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இன்னா சுத்தமான வெட்டு. உன் கண்ணு யாருக்கு வரும்பா?" என்றார்.

அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எங்கள் அம்மாவுக்குக்கூடப் பேச ஒன்றும் இல்லாமல் போகுமா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.