நானூறு தட்டு பன்

பத்தொன்பது வருஷமாக அந்தப் பேக்கரியின் பொதி கட்டும் அறையில் நின்று மரத்துப்போன கால்கள் அவளுடையவை. அடுப்பிலிருந்து இறங்கும் பன்களை ஆற வைத்து, உறையிலிட்டு, வண்டியில் ஏற்றுவது வேலை. அங்கே யாரும் பன்னை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள். தட்டுதான் கணக்கு; தட்டுக்கு முப்பது. "நாற்பது ஏத்து" என்றால் நாற்பது தட்டு. வீட்டுக்கு எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று கேட்டால்கூட "அரைத் தட்டு இருக்கும்" என்பாள்.

நாற்பத்தொரு வயதில் அவள் பல்கலைக்கழகப் படியேறியதற்குக் காரணம் ஓர் இயந்திரம். வருஷக் கடைசியில் பொதி கட்ட அது வந்துவிடும், அப்புறம் இரண்டு பேர் போதும், அந்த இருவரில் அவள் இல்லை என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டவள், அன்று மாலையே விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

சங்கடம் ஒன்றுதான். அதே வகுப்பில் அவள் மகளும் படித்தாள்.

"காலேஜ்ல நான் உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேம்மா. தப்பா நினைக்காதே" என்றாள் மகள்.

"சரி. டிபன் பாக்ஸை மட்டும் தெரிஞ்ச மாதிரி வாங்கிக்கோ."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அதிகாலை வேலையை முடித்து, தலைமுடியில் மாவோடு பத்து மணி வகுப்பில் உட்காரும்போது, மூன்று வரிசை முன்னால் திரும்பாமலே இருந்த மகளின் பின்னலைப் பார்த்து எத்தனை முறை கூப்பிட வாயெடுத்தாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தொழில் தொடங்கக் கற்றுத்தரும் அந்தப் பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. கணினியில் ஒரு விளையாட்டு. ஒரு கற்பனை ஊர், ஆறு அணிகள், அணிக்கொரு பேக்கரி. எத்தனை சுடுவது, என்ன விலை, எந்தக் கடைக்கு அனுப்புவது என்று புதன்தோறும் முடிவு செய்து பதிய வேண்டும். பதிந்தால் அந்த ஊரில் ஒரு மாதம் ஓடிவிடும். எட்டுச் சுற்று. முதலில் வரும் அணிக்குப் பல்கலைக்கழக வாசலில் பூட்டிக் கிடக்கும் கடை ஒரு வருஷத்துக்கு வாடகையில்லாமல் கிடைக்கும்.

அந்தக் கடையின் இரும்புக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடை தானாகவே தயங்கும். இயந்திரம் வந்தபின் நிற்க அவளுக்கு வேறு இடம் இல்லை.

அவள் அணியில் அவளைத் தவிர மூன்று பேர், எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். நிஜ பேக்கரிக்காரி கிடைத்த சந்தோஷத்தில் விசைப்பலகையை அவள் பக்கமே தள்ளிவிட்டார்கள். முதல் சுற்று. ஊரின் ஜனத்தொகையைப் பார்த்தாள், மனசுக்குள் கூட்டினாள், 400 என்று தட்டிப் பதிந்தாள்.

மறுநாள் முடிவு வந்தது. விளையாட்டு எண்ணியது தட்டை அல்ல, பன்னை; ஊருக்கு அவர்கள் சுட்டது வெறும் நானூறு பன். கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பதினோராயிரத்து அறுநூறு பேர். ஆறு அணிகளில் ஆறாவது இடம்.

வகுப்பே சிரித்தது. அன்றே அவளுக்குத் தட்டக்கா என்று பெயர் விழுந்தது. முன்னால் இருந்த மகளின் பின்னல் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டது. அதுதான் அவளை அறுத்தது.

விரிவுரையாளரிடம் கெஞ்சி மாற்றச் சொல்லலாம் என்றாள் அணியில் இருந்த கண்ணாடி போட்ட பெண்.

"வேண்டாம். நிஜக் கடையில போன மாசத்தைத் திருப்பிக் குடுன்னு யார்கிட்ட கேப்ப?" என்றவள், அறிக்கையைக் கையில் எடுத்தாள். நானூறும் பதினோராயிரத்து அறுநூறும் சேர்ந்தால் பன்னிரண்டாயிரம். அதாவது சரியாக நானூறு தட்டு. அவள் போட்ட கணக்கு ஒரு பன் பிசகவில்லை. கண்ணாடிப் பெண் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"திரும்பிப் போனவங்க நம்மளைப் பிடிக்காமப் போகலை. பன் தீர்ந்து கதவு மூடியிருந்துச்சு, போயிட்டாங்க. அவங்க எந்தக் கடைக்கு வந்தாங்கன்னு இதுலயே இருக்கு" என்று அறிக்கையில் விரலை வைத்தாள் அவள்.

மற்ற அணிகள் விலையைக் குறைத்து மோதிக்கொண்டபோது அவள் விலையைத் தொடவில்லை. ஜனம் திரும்பிப் போன கடைகளுக்கு மட்டும் அளவாக அனுப்பினாள். ஐந்தாவது இடம், நான்காவது, மூன்றாவது. ஏழாம் சுற்றில் இரண்டாவது. முதலிடத்தில் இருந்தது மகளின் அணி.

கடைசிச் சுற்றுக்கு முந்தின மாலை. மகள் கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். திரையில் அவள் அணியின் கடைசி முடிவுகள். அம்மா மேசையைத் துடைக்க வந்தவள். ஒரே ஒரு பார்வை போதும், கடை கைக்கு வந்துவிடும். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டு மூடிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். குளித்து வந்த மகள், அந்தத் துண்டைப் பார்த்தபடி நெடுநேரம் ஈரத் தலையோடு நின்றாள்.

மகளின் அணி மயிரிழையில் வென்றது.

அந்த வாரமே பேக்கரிக்கு இயந்திரமும் வந்து இறங்கியது. காலை நேரம் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. அழுது தீர்க்கலாம். அவளோ மூன்று நாள் காலையில் அந்தப் பூட்டிய கதவுக்கு எதிரே போய் நின்றாள். நான்காம் நாள் தன் அணியோடு வென்றவர்களைச் சந்திக்க நேரம் கேட்டாள்.

"சொல்லுங்க" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மகள், அந்நியர்களிடம் பேசும் மரியாதையோடு.

"நம்ம எல்லாருக்கும் பத்து மணிக்கு வகுப்பு. நீங்க கடையை வகுப்பு முடிஞ்சு பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கப் போறீங்க. ஏழுலேர்ந்து பத்துக்குள்ள திறந்தாச்சான்னு கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறவங்க தினம் ஆறு தட்டு. அந்த மூணு மணி நேரத்தை எங்களுக்குக் குடுங்க. நீங்க வரும்போது அடுப்பு சூடாவும் தரை சுத்தமாவும் இருக்கும்."

ஆறு தட்டா என்று யாரோ சிரித்தார்கள்.

"நூத்தி எண்பது பேர்" என்றாள் மகள், சட்டென்று. அப்புறம்தான் தன் குரல் உடைந்திருப்பதை உணர்ந்தாள். "எங்கம்மா கணக்கு தப்பாது."

சிரிப்பு நின்றது. அணியினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. சாவியை எங்கே வாங்கிக்கொள்வது என்று கண்ணாடிப் பெண் கேட்டாள்.

"வீட்டு ஆணியில மாட்டியிருக்கும்" என்றாள் மகள்.

முதல் நாள் அவள் ஏழு தட்டு சுட்டாள். ஒன்று அதிகமாயிற்றே என்று மகள் கேட்டதற்கு, கதவைத் தூக்கியபடியே சொன்னாள்:

"அந்த ஆறு தட்டு, கதவு மூடியிருந்தப்பவே வந்தவங்க. இன்னிக்குத் திறந்திருக்கே."