சீரியல் நேரத்தில் கரண்டை நிறுத்தியவர்

துணை மின்நிலையத்தில் அவர் ஆப்பரேட்டர். பாதி ஊருக்கு வெளிச்சம் அவர் கை வழியாகத்தான் போனது. ஆனால் அவர் பேச்சில் ஒரு பொட்டு வெளிச்சமும் இருக்காது என்பதால், கூட வேலை பார்ப்பவர்கள் ‘ஃபியூஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலிடம் நிறுத்து என்றால் நிறுத்துவார், கொடு என்றால் கொடுப்பார். அவருடைய இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படிப்பு முடியும்வரை வேலை நிலைத்தால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது.

அந்தக் காலத்தில் ஒரு கட்சி ஆட்சி செய்ததாகப் பேப்பர்களில் போட்டிருந்தார்கள். உண்மையில் ஆட்சி செய்தது எட்டரை மணி சீரியல். அது வந்த சேனல், கட்சித் தலைவருடைய மச்சானுடையது. சீரியலில் மருமகள் அழுவாள். அழுகைக்கு நடுவே அரசின் சாதனைகள் வரும். மருமகள் வீட்டுக்குக் குழாய் வந்த அன்று, அவள் கேமராவைப் பார்த்துத் தலைவருக்கு நன்றி சொன்னாள். தலைவரும் நன்றி மறக்காதவர், மேடையில் ஏறியதும், “நம்ம வீட்டு மருமகள் சிந்தும் கண்ணீருக்கு நான் பதில் சொல்வேன்!” என்று முழங்குவார். அவள் கண்ணீருக்கு மாமியார்தானே காரணம் என்று யாரும் கேட்கவில்லை. எட்டரையிலிருந்து ஒன்பதுவரை வீடுகளுக்குப் போகும் லைனில் கைவைக்கக் கூடாது என்று மின்வாரியத்தில் வாய்வழி உத்தரவும் இருந்தது.

மருமகள் மாமியாரை அறையப்போகும் நாள் வந்தது. மூன்று வருஷமாக ஓங்கிய கை அன்றுதான் இறங்கப் போகிறது என்று தெருவுக்குத் தெரு பேச்சு. தலைவருக்கு அன்று மைதானத்தில் கூட்டம். வீட்டில் சீரியல் இருக்கும்போது எவன் வருவான்? எனவே பெரிய திரை கட்டி, முதலில் அறை, பிறகு உரை என்று ஏற்பாடு. மைதானத்துக்கு மின்சாரம் வேண்டுமே. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைக் கொடி கட்டிய லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மின்நிலைய வாசலில் நின்று நம்மவரே அதைப் பார்த்தார்.

சீரியல் தொடங்கும் நேரத்துக்குப் பொறியாளர் போன் செய்தார்.

“யோவ் ஃபியூஸு, லோடு எகிறுது. ஒரு லைனைக் கழட்டு. இல்லேன்னா மொத்தமும் படுத்துரும்.”

“எதைக் கழட்டட்டும் சார்?”

“வீட்டு லைனைத் தொட்டே, நீயும் நானும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியைக் கழட்டு. அவங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே!”

“அது மைதானத்துல சார்...”

போன் கட்டாகியிருந்தது. பொறியாளர் வீட்டிலும் சீரியல் ஆரம்பித்துவிட்டது.

நம்மவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்சம்மா எடுத்தாள். “இப்பவா? ஒரு அம்மாவுக்கு வயித்தைத் திறந்து வெச்சிருக்காங்க. நீங்க நிறுத்துனா டார்ச் அடிச்சுத்தான் தைக்கணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேற எதையாவது நிறுத்துங்க.”

வேறு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாழ்நாளில் முதல்முறையாக அவராக ஒரு முடிவெடுத்தார். வீட்டு லைன் இறங்கியது.

ஆனால் கேபிள்காரர் ஆபீஸும் அதே லைனில்தான். அது அணைந்ததும் ஊர் முழுக்கப் படம் போனது. மைதானத்தில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் கடமை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மட்டும், ஓங்கிய கை மறைந்து வெள்ளைப் புள்ளிகள். மைக்கைப் பிடித்த தலைவரைப் பார்த்து “படத்தைப் போடு!” என்று கூட்டம் கத்தியது. தலைவர் உடனே சதியைக் கண்டுபிடித்தார். சதி நடந்த இடத்துக்குக் கூட்டம் கல்லோடு வந்தது. ஆஸ்பத்திரி வார்டிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். “எங்களுக்கு லைட் எரியுது, டிவி மட்டும் வரலை. இது வேணும்னே பண்ணதுதான்!” என்று அவர்கள் சொன்னதுதான் பலமான சாட்சியாகப் போனது.

மறுநாள் சஸ்பெண்ட். எதிர்க்கட்சி சேனல் வீடு தேடி வந்து அவரைப் ‘புரட்சி செய்த தொழிலாளி’ ஆக்கியது. ஆஸ்பத்திரிக்காகச் செய்தேன் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அந்த இடத்தை வெட்டிவிட்டு, மௌனமாக அவர் மூக்கைச் சொறிவதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

ஆபரேஷன் ஆன அம்மாவின் கணவரைத் தேடிப் போய், வாரிய விசாரணையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

“உங்க புண்ணியத்துல பொழைச்சுட்டா அண்ணே, இல்லேங்கலை. ஆனா கண்ணு முழிச்சதும் அவ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? அறைஞ்சாளா இல்லையான்னுதான். நான் என்னன்னு பதில் சொல்வேன்? என்னை இதுல இழுத்து விடாதீங்க.”

வீட்டிலும் அதே வழக்கு. மனைவி அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். தட்டு வரும்; சத்தத்தோடு வரும். “அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லட்டுமா?” என்று பெரியவள் கேட்டால், “அவருக்கா தெரியாது? யாரைக் கேட்டு அவர் எதைச் செய்யறார்!” என்று சுவரைப் பார்த்துப் பதில் வரும்.

இதற்குள் சீரியலில் புது வில்லன் வந்துவிட்டான். காக்கிச்சட்டை, கறைப்பல், மின்நிலைய வேலை. மாமியாரிடம் கைக்கூலி வாங்கி, அறை விழும் நேரத்தில் கரண்டை நிறுத்துகிறவன். தெருப் பிள்ளைகள் நம்மவரைப் பார்த்து அவனைப் போலவே இளித்துக் காட்டினார்கள். விசாரணைக்கு முந்தின நாள் வில்லன் கோர்ட்டில் நின்று, “ஐயா, ஆஸ்பத்திரியில உயிர் போகக் கூடாதேன்னுதான் நிறுத்தினேன்!” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். அது எப்பேர்ப்பட்ட பொய் என்று மருமகள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினாள். நடிப்பு அவ்வளவு பிரமாதம். பார்த்துக்கொண்டிருந்த நம்மவருக்கே அவனை நம்பத் தோன்றவில்லை.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“சொல்லுங்க, ஏன் நிறுத்தினீங்க?”

“ஆஸ்பத்திரியில ஒரு உயிர்...”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். டைப் அடிக்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏங்க, நேத்து ராத்திரி டயலாக்கை இன்னிக்குக் காலையில வந்து எங்கிட்டயே சொல்றீங்களே! இதை எழுதினா உங்களோட சேர்த்து என்னையும் தூக்கிருவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. வேற ஏதாவது சொல்லுங்க. நம்பற மாதிரி.”

அவர் யோசித்தார். இரண்டு பெண்களின் முகமும் வந்து போனது.

“தூங்கிட்டேன் சார். தூக்கத்துல கை பட்டுருச்சு.”

“அப்பாடா! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?” அதிகாரி முகம் மலர்ந்து எழுதினார். தூக்கத்துக்கு வாரியத்தில் வேலை போகாது, இன்கிரிமென்ட்தான் போகும். சதிக்காரராக உள்ளே போனவர் சோம்பேறியாக வெளியே வந்தார். வேலை நிலைத்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“தூங்கிட்டீங்களா? அட, இவ்வளவுதானா! நான் என்னமோ நீங்க வேணும்னே பண்ணீங்கன்னு நெனச்சு, இத்தனை நாள் மனசு வெந்துட்டிருந்தேன். வாங்க, வந்து சாப்பிடுங்க. சூடா இருக்கு.”

அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.