கண்ணாடியின் மேல் சந்தனம்

கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த நான், நாற்பத்தாறு வயதில் மீண்டும் மாணவியாக விரும்பினேன். தொழிலகப் பாதுகாப்புச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்து தேறினால், ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பை எனக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எடைமேடை ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து ஆலை முழுவதும் நடக்கும் உரிமை அது. அதற்காகவே ஆசைப்பட்டேன்.

சேர்க்கையின் கடைசி நாளன்று ஷேர் ஆட்டோவில் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். விண்ணப்பத்தை வாங்கிய பெண் என் மகளைவிட இளையவள். ‘உங்கள் பணியிடத்தில் நீங்கள் கண்ட ஆபத்து ஒன்று’ என்ற கட்டத்தில், ஆலையின் மானத்தைக் காப்பதாக எண்ணி, ‘ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தேன்.

“ஒண்ணுமே இல்லன்னா இன்னாத்துக்கும்மா படிக்க வர்றீங்க?” என்று அவள் சிரித்தாள். “ஒரு மணிக்கு மூடிடுவோம். நெஜமா எதுனா ஒண்ணு எழுதிக் குடுங்க, சேத்துக்கறேன்.”

வெளியே பெஞ்சில் அமர்ந்து யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கைப்பேசியில் ஆலையின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆயுத பூசைப் படங்கள் வந்தன. கொதிகலன் அருகே சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளைக்கும் மாலை, சந்தனம், குங்குமம். வைத்தவள் நானே. பொட்டு வைக்க நெற்றி தேடிய என் விரல், உருளையின் கழுத்திலிருந்த சிறு வட்டக் கண்ணாடியை நெற்றியாக எண்ணிவிட்டது. அதனுள் அழுத்தம் காட்டும் முள் இருக்கும். பச்சையில் நின்றால் உருளை தயார், சிவப்பில் நின்றால் உதவாது. மாதக்கணக்கில் அதை எவரும் பார்த்திருக்க முடியாது.

மூட்டை தூக்குவோரின் மேஸ்திரியை அழைத்தேன்.

“அண்ணே, பாய்லர் கிட்ட மாட்டியிருக்கிற சிலிண்டர்ல சந்தனத்தத் தொடைச்சிட்டு, முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்க.”

“சாமி கும்புட்டு வச்ச பொட்டுக்கா! நீங்களே வச்சிட்டு நீங்களே தொடைக்கச் சொல்றீங்க?”

“அந்தப் பாவம் என்னோட போவட்டும். தொடைங்கண்ணே.”

“காஞ்சி கெட்டியாப் புடிச்சிக்கினு கீது... சொரண்டிக்கினு கீறேன், இருங்க.” நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. “செவப்புலக்கா! இம்மாம் நாளு வெறும் டப்பாவுக்கா கற்பூரம் காட்னோம்?”

இருவரும் சிரித்தோம். பிறகு கொதிகலனை ஒட்டி மலைபோல் குவிந்திருக்கும் உமி நினைவுக்கு வந்து, சிரிப்பு நின்றது. இன்றைக்கே வேறு உருளை மாட்ட முதலாளியிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டு உள்ளே விரைந்தேன்.

‘ஏதுமில்லை’யை அடித்துவிட்டு எழுதினேன்: ‘அழுத்தம் காட்டும் கண்ணாடியைச் சந்தனம் மறைத்ததால், தீயணைப்பு உருளை பயனற்றுப்போனது தெரியவில்லை. சந்தனம் வைத்தவர்: விண்ணப்பதாரர்.’

அந்தப் பெண் அதை அடுத்த மேசைக்காரருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். படித்துக்கொண்டே முத்திரையையும் குத்தினாள். மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

அடுத்த ஆயுத பூசைக்குள் சான்றிதழும் பொறுப்பும் என் கைக்கு வந்திருந்தன. புதிய உருளையின் முன் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மேஸ்திரி, ஆலை முழுவதும் கேட்கும்படி என்னை அழைத்தார்.

“யக்கா, இதுக்கு நெத்தி எதுன்னு காட்டிட்டுப் போங்க!”

நான் அதன் வயிற்றைக் காட்டினேன்.