பொட்டு வைத்த சக்கரம்

1927ஆம் வருடம், தீபாவளி முடிந்த மறுமாதம். ஈப்போவுக்கு வெளியே, ஜெலாப்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வயது. தோட்டத்தில் காக்கி உடுப்பும் தொப்பியும் போட்ட ஒரே தமிழன் நான்தான். கால் தரையில் பாவாமல் திரிந்த காலம்.

கார் அப்போதே கிழடு. எங்கள் துரைக்கு முன் இரண்டு துரைமார் ஓட்டித் தேய்த்தது. மர ஆரக்கால் சக்கரம், கித்தான் கூரை. துரையின் மனைவி சீமையிலிருந்து கப்பலில் வருவதாகத் தந்தி வர, துரை முன்னதாக ரயிலில் பினாங்கு போய்விட்டார். சனிக்கிழமை நான் காரைக் கொண்டுபோய் இருவரையும் அழைத்து வர வேண்டும். நூறு மைலுக்குக் குறையாது, நடுவில் மலை வேறு. அதுவரை அந்தக் காரில் காம்பாரைத் தாண்டியதில்லை நான்.

ஒரு வாரம் மாடாக உழைத்தேன். ரேடியேட்டர் ஒழுகிய இடத்தை ஈயம் வைத்து அடைத்தேன். டியூப்புகளைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடினேன். பெட்ரோல் டின்களைக் கதவுக்குக் கீழே இருந்த படிப்பலகையில் கட்டினேன். மத்தியானத்துக்கு மேல் என் அக்காவின் கணவர் ஒத்தாசைக்கு வருவார். அவருக்குப் பால்மரம் வெட்டும் வேலை, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. வழியில் டயர் வெடித்தால் காற்றடிக்க ஆள் வேண்டுமென்று பயணத்துக்கும் அவரையே கேட்டு வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி வேலை. முன் சக்கரங்களைக் கழற்றி கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட் கழன்றுவிடாதபடி குறுக்கே ஒரு சின்னப் பின்னைச் செருகி நுனியை வளைத்துவிடுவோம். அதற்கு மேல் பித்தளை மூடி. வலது சக்கரம் முடிந்தது. இடது சக்கரத்தின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது கோயில் பண்டாரம் ஓடி வந்தார்.

“இன்னும் என்னா பண்ற? பத்தரைக்கு ராகு காலம் லா! வண்டிய எடு, வண்டிய எடு!”

மூடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முனியாண்டி கோயில் முன்னால் ஜனம் கூடியிருந்தது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றி இறக்கி, நான்கு சக்கர மூடிகளிலும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காருக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த மச்சான், மண்ணெண்ணெய் டின்னின் அடியிலிருந்து ஒரு பின்னை எடுத்து நீட்டினார்.

“மாப்ள, இது எங்க உள்ளது?”

இடது சக்கரத்தில் அந்தப் பின்னைச் செருகினேனா இல்லையா என்று நினைவே இல்லை. மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் மூடியில் பொட்டு இருந்தது. சாமிக்கு முன்னால் வைத்ததை அழித்தால் அபசகுனம் என்பார்கள். அதைவிட, மாலை போட்டுக்கொண்டு நின்றவன் வேலையில் கோட்டை விட்டான் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன்.

“அது பழசு மச்சான். புதுசு போட்டாச்சு” என்றேன். அவர் நம்பினார்.

மறுநாள் கோலகங்சாரைத் தாண்டி மலை இறக்கத்தில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் ஆடியது. பிரேக்கை மிதிப்பதற்குள் இடது முன் சக்கரம் எங்களுக்கு முன்னால் தனியாக உருண்டு போயிற்று. கார் இடப்பக்கம் சாய்ந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மச்சானின் கால் காருக்கு அடியில்.

ஈயச் சுரங்கத்துக்குப் போன சீனர்களின் லாரி ஒன்று நின்றது. ஆறேழு பேர் குதித்து இறங்கி, கூடிக் காரைத் தூக்கி, அவரைத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் துரை வந்து, எப்படி நடந்தது என்று தோட்டத்துத் தமிழில் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நிச்சயமில்லை. அதற்குள் கட்டிலிலிருந்து மச்சான் பேசினார்.

“எரும குறுக்க வந்துருச்சு தொர. தம்பி மேல தப்பு ஒன்னும் இல்ல.”

துரை போனதும் நான் உடைந்து அழுதேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அழுவாத. நான் இனி மரம் வெட்ட முடியாது. ஒன் வேலையும் போச்சுன்னா ஒங்கக்காளுக்கும் புள்ளைங்களுக்கும் யாரு சோறு போடுவா?”

அவர் என்னை மன்னிக்கவில்லை என்பது அப்போதே புரிந்தது. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அக்கா மட்டும், புருஷன் உயிரோடு வந்தான், தம்பி முழுசாக வந்தான் என்று முனியாண்டிக்குச் சேவல் அறுத்தாள். தன் கையால் எனக்குத் திருநீறு பூசினாள். அவள் பிள்ளைகளை நான்தான் வளர்த்து ஆளாக்கினேன். என் தம்பி மாதிரி யாருக்கு உண்டு என்று ஊரெல்லாம் சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். நான் யார் பெயரையும் எழுதவில்லை, அக்காவுக்குப் பெயர் தேவைப்படாது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராத எனக்கு, மகள் இதை வாசித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் தைரியமாவது வர வேண்டும்.