நெடுந்தீவில் ராணியாகாத காலாள்

எழுபதுகளின் கடைசியில், ஒரு ஆனி மாதம், நான் நெடுந்தீவுக்குப் போனது கடல் பார்க்க அல்ல, செஸ் விளையாட. தீவுப்பகுதிப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றால் கொழும்புக்குப் போகும் அணியில் எனக்கு இடம். எதிராளியான சங்கக்கடை மனேச்சர் செல்வராசா அண்ணைக்குச் சமநிலையே போதும்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு பஸ். பண்ணை, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு லோஞ்ச் படகில் இன்னும் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்றில் படகு ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அந்த நிலையில்தான் போய்க் கதிரையில் இருந்தேன்.

அண்ணைக்கு வெள்ளைக்காய். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு காலாளை ராசாவுக்கு முன்னால் நின்ற என் காலாளின் வாய்க்கு நேரே நீட்டினார். சும்மா கிடைப்பதை விடுவேனா? வெட்டினேன். வெட்டிய என் காலாள் ராசா வரிசையை விட்டுப் பக்கத்து வரிசைக்குப் போனது, பிறகு இன்னொரு வெட்டில் அதற்கும் அடுத்த வரிசைக்கு. மூன்றரை மணித்தியாலம் மல்லுக்கட்டி, அவரிடம் ராசாவையும் என்னிடம் ராசாவோடு அந்தக் காலாளையும் மட்டும் மிச்சம் வைத்து, அதைக்க் கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"ராணி தாங்கோ" என்று கையை நீட்டினேன். நடுவராக இருந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒரு குதிரையை எடுத்துத் தந்தார்.

"இதென்ன மாஸ்டர்?"

"போய்ச் சேர்ந்தது தொடக்கத்தில குதிரை நிண்ட வரிசையெல்லோ? அப்ப குதிரைதான். ராசா வரிசையில போயிருந்தால் ராணி."

"உலகத்தில எங்கையும் இப்பிடியில்லை!"

"இஞ்ச இப்பிடித்தான். வழமையான விதி எண்டு காலமை சொன்னனான். நீரும் தலையாட்டினனீர்."

யாருடைய வழமை என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை! ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு தலைகீழாய் நின்றாலும் ராசாவை மடக்க முடியாது. ஆட்டம் சமநிலை. கத்திப் பார்த்தேன். மாஸ்டர் எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார்.

இறங்குதுறைக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு தீவில் கேட்பாரற்றுத் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் இரண்டு நின்றன. அவற்றைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வழியனுப்ப வந்த அண்ணையிடம் கேட்டேன்.

"தெரிஞ்சுதானே அந்தக் காலாளைத் தந்தனீங்கள்?"

"ஓம் தம்பி. இஞ்ச எல்லாரும் அதைக் குடுப்பினம். ராசா வரிசையை விட்டிட்டு ஒருத்தரும் வெட்டமாட்டினம்."

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் ஆனியில் வெறும் வயிற்றோடு லோஞ்சில் ஏறாதீர்கள். திரும்பும் நேரத்தை இறங்கும்போதே விசாரியுங்கள். செஸ் விளையாடப் போவதென்றால், காலாள் கடைசியில் என்னவாகும் என்று முதலில் கேளுங்கள்.

கொழும்புக்கு அண்ணைதான் போனார். முதல் ஆட்டத்திலேயே அதே காலாளை நீட்டினாராம். எதிராளி வெட்டினாராம். வெட்டிய காலாள் குதிரை வரிசையில் போய், அங்கே ராணியாகிவிட்டதாம்.