திரள் முகிலும் மாமாவின் தார்ப்பாயும்

என் மாமாவுக்கு வானத்தில் தெரிகிற எல்லா மேகமும் மழை மேகம்தான். பஞ்சு மாதிரி இருந்தாலும் சரி, தும்பு தும்பாக இருந்தாலும் சரி, அண்ணாந்து பார்த்துச் சப்புக்கொட்டுவார். "ம்... இருக்கு" என்பார். என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மழை இருந்தால் தார்ப்பாய் வேண்டும். தார்ப்பாய் வேண்டுமென்றால் புசல்லாவை பஸாரில் மாமாவிடம்தான் போகவேண்டும். விசேஷ வீடுகளுக்கு டென்ட், உட்காருகிற கதிரை, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில்.

இந்தச் சங்கதியை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. அவர் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தார். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர், நாலு இடம் பார்த்தவர் என்பதால் ஊர்க்காரர் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்பது அவர் எண்ணம். அதிலும் அம்மாவின் அண்ணன் ஏமாற்றவே முடியாது. "ஒங்கண்ணன் மேகத்தப் பாக்கல, வாடகையப் பாக்குறாரு" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அம்மா சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா சொன்னால் அது வேதம். அந்தத் தவணையில்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் முகில்களைப் பற்றிப் பாடம் நடந்தது. புத்தகத்தில் ஒரே பக்கத்தில் நாலு படங்கள். கீற்று முகில், படை முகில், கார்முகில், கடைசியாகத் திரள் முகில். ஒவ்வொன்றின் கீழும் அது என்ன கொண்டுவரும் என்று எழுதியிருந்தது. கடைசிப் படத்தின் கீழ், 'நல்ல வானிலையைக் குறிக்கும்' என்று இருந்தது. அந்த வரியோடு பக்கம் முடிந்தது, தவணையும் முடிந்தது. மிச்சத்தைப் புதுவருஷ லீவுக்குப் பிறகு பார்ப்போம் என்றார் டீச்சர்.

எனக்கு மிச்சம் தேவைப்படவில்லை. மாமாவைப் பிடிக்க அந்த ஒரு பக்கம் போதும் என்று தோன்றியது. பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு, தேதி, முகில், மாமா சொன்னது, நடந்தது என்று நாலு பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வானத்தைப் பார்த்த நாளெல்லாம் அதில் ஏறியது. அவர் மழை என்று சொல்லி மழை பெய்யாத நாட்களுக்குச் சிவப்புப் பேனை. பெய்த நாட்களை எழுதினேனா என்று கேட்காதீர்கள். அது சந்தேகத்துக்கு உதவாத விஷயம்.

அந்தச் சித்திரையில் எங்கள் அத்தைக்குப் பரிசம் போட வருவதாக இருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தால், மற்றது மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்ததால். இந்த மூன்றாவது இடம் கண்டிக்கு அப்பால், மடுல்கெல்ல. நல்ல மனிதர்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவர் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. இதுவும் போனால் இனி யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள் என்று அத்தை அம்மாவிடம் அழுததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பரிசத்துக்கு இரண்டு நாள் முன்பு மாமா வந்தார். வீட்டுக்குள் பத்துப் பேர் உட்கார இடமில்லை, எல்லாம் முற்றத்தில்தான். மாமா முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எதிரே இருந்த மலையைப் பார்த்தார்.

"மச்சான், டென்ட் ஒன்னு அடிச்சிருவோம். அன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல மழ இருக்கு."

அப்பா போனை எடுத்து நீட்டினார். அதில் பரிச நாளுக்கு நேரே வட்டமாக ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு வாரமா பைப்புல தண்ணியில்ல மச்சான். ஒங்களுக்கு மட்டும் எங்கிருந்து மழ வருது?" என்றவர், என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. ஒன் புத்தகத்துல என்னா போட்டிருக்கு?"

அந்தக் கணத்துக்காகவே நான் காத்திருந்தேன். மலைக்கு மேல் வெள்ளை வெளேரென்று நாலைந்து மேகங்கள் நின்றன. "திரள் முகில். நல்ல வானிலையைக் குறிக்கும்" என்று பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க. அப்ப கதிர மட்டும் கொண்டாறேன்." இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிற ஆளா மாமா? எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. அதையும் கொப்பியில் எழுதினேன்.

பரிச நாளன்று காலையில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. பதினொரு மணிக்கு வரவேண்டியவர்கள் கண்டியில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு மணிக்கு நான் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு வேனைக் காணவில்லை. ஆனால் வளைவில், மரத்தடியில் மாமாவின் சின்ன லொறி நின்றது. கதிரை இறக்கிய பிறகு அது பஸாருக்குப் போயிருக்க வேண்டும். பின்னால் ஏறிப் பார்த்தேன். இரும்புக் கம்பிகள், மடித்த நீலத் தார்ப்பாய்கள். மாமாவும் அவரோடு வேலை செய்கிற இரண்டு பேரும் மதிலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழை வரவேண்டும் என்று காத்திருக்கிறார். வந்ததும் டென்டோடு வந்து இறங்கி, எல்லார் முன்னாலும் அப்பாவை முட்டாளாக்கப்போகிறார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னா மச்சான், மழ வரணும்னு வேண்டிக்கிட்டு இருக்கீங்களா? என் தங்கச்சி விசேஷத்துல ஒங்க யாவாரத்தக் காட்டாதீங்க. எடுத்துட்டுப் போங்க!"

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "சரி மச்சான்" என்று லொறியில் ஏறினார். வளைவைத் தாண்டி லொறி மறையும்வரை நான் நின்று பார்த்தேன். பெரிய கள்ளனைப் பிடித்துக்கொடுத்த பெருமை எனக்கு.

திரும்பி வரும்போதுதான் மலையைப் பார்த்தேன். காலையில் தனித்தனியாக நின்ற மேகங்கள் ஒன்றாகிவிட்டிருந்தன. ஒரு பெரிய பூக்கோவா போல மடிப்பு மடிப்பாக மேலே மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. அடி மட்டும் கறுத்திருந்தது. நாலு படத்தில் இது எந்தப் படத்திலும் இல்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து, முதன்முறையாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 'ஆயினும் திரள் முகில் கோபுரம் போல் உயர்ந்து வளருமாயின், பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழையைத் தரும்.'

வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பரிசத் தட்டுகள் ஒன்பதும் வேனிலிருந்து இறங்கி வரிசையாக முற்றத்துக்குள் வந்தபோது முதல் இடி. அடுத்த நிமிஷம் கொட்டியது. சேலைத் தட்டை ஒருவர் மார்போடு அணைத்தார், பூத்தட்டு கவிழ்ந்தது, எல்லாரும் வீட்டு இறவாரத்துக்குக் கீழே ஓடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வேனைத் திரும்பிப் பார்த்து, "தட்டத் திருப்பி வேன்லயே வைங்க. நல்ல நேரம் இதோட போவுது. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அத்தை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது மழைக்குள் மாமாவின் லொறி ரிவர்ஸில் வந்தது. அவர் அடுத்த வளைவைத் தாண்டியிருக்கவே இல்லை. கம்பி நட நேரமில்லாததால் இருந்ததில் பெரிய தார்ப்பாயை விரித்து ஒரு மூலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கூட வந்த இருவரும் இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். நாலாவது மூலை தொங்கிக்கொண்டு தண்ணீர் வடிந்தது. அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு போய் அதைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கங்க சம்மந்தியம்மா" என்று மாமா சத்தமாகச் சொன்னார், மழைக்கு மேலே. "இவரு அன்னைக்கே டென்ட் கேட்டாரு. நாந்தான் மழ வராது, வேணாம்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. நேரம் இருக்கு, தட்ட வைங்க."

"இல்ல, மாமா..." என்று நான் வாயைத் திறந்ததும் அம்மா என் தோளைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு, இரண்டு நாள் நீலமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். அதன் கீழே தட்டுகளை வைக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் நாலு பேரும் கையை இறக்காமல் நின்றார்கள். அப்பாவுக்கு எதிர் மூலையில் மாமா நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அத்தையின் பரிசம் அந்த நீல வெளிச்சத்தில் நடந்து முடிந்தது.

எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது இல்லை என்று பெரியவர் ஒருவரே ஊரறியச் சொல்லிவிட்டாரே! அன்று பின்னேரம் கொப்பியை எடுத்தேன். முகில்: திரள். நடந்தது: கனமழை. மாமா சொன்னது என்ற இடத்தில், 'மழை வரும் என்று சொன்னார். பிறகு வராது என்று சொன்னதாகப் பொய் சொன்னார்' என்று எழுதி, சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டேன். எத்தனை நாள் காத்திருந்த அத்தாட்சி! அப்படியே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார். அதை இரண்டு தரம் வாசித்தார். முன்பக்கங்களையும் புரட்டினார். பிறகு கொப்பியை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "இனிமே மாமாவப் பத்தி எழுதாத" என்றார். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்ததால் தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் வேறொரு கொப்பியில் புதிதாகக் கோடு போட்டு, முதல் வரியில் எழுதினேன்: 'அப்பாவும் மாமாவோடு சேர்ந்துவிட்டார். கவனமாக இருக்கவேண்டும்.'