நெல்வா பழைய மடிக்கணினியைப் புதுப்பித்த கதை

மொந்தேவிதேயோ நகரத்தின் லா தேஹா பகுதிக் கூட்டுறவுக் குடியிருப்பில் நெல்வாவைக் கேலி செய்ய யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. அவளே முந்திக்கொள்வாள். வீட்டுக்கு வந்தவரின் பார்வை சமையலறைச் சுவர் பக்கம் திரும்புமுன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"அது நான் கட்டினது. அன்னைக்கு ரசமட்டத்தை யாரோ எடுத்துட்டுப் போயிருந்தாங்க. கண்ணாலேயே பாத்துக்கலாம்னு கட்டிட்டேன். என் கண்ணு கோணல்னு ஊருக்கே அப்பத்தான் தெரிஞ்சது."

வார இறுதிதோறும் அங்கத்தினர்களே சாந்து குழைத்து, செங்கல் சுமந்து கட்டிய வீடுகள் அவை. அந்த நாட்களில் நெல்வாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வீட்டையே கட்டியவளுக்கு வேறு எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்? தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டாள். இரண்டு மாதம் தொப்பியோடு திரிந்தாள். வெந்நீர்க் கொதிகலனின் குழாயைத் தானே முறுக்கினாள். அது பிய்த்துக்கொண்டு பீறிட்டதில், கீழ்த்தட்டில் இருந்த புகைப்பட ஆல்பங்கள் ஊறிக் கூழாகிப் போயின. குடியிருப்பு கட்டிய காலத்துப் படங்கள் அவை. நல்லவேளையாக அதற்கு முந்தைய வருடமே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் போட்டு வைத்திருந்தாள். தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று அதைத்தான் சொல்வாள்.

வேலை பார்த்தது மருந்துக் கடையில். முப்பது வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் எல்லாம் "டப்பாவுக்குள்ள இருக்கிற தாளைப் படிச்சிட்டு மாத்திரை போடுங்க" என்று சொன்னவள். அந்தத் தாளை அவள் ஒருநாளும் படித்ததில்லை.

அந்த மடிக்கணினி, மகள் யமிலா ஸ்பெயினுக்குக் குடிபோகும்போது விட்டுச் சென்றது. கனமானது, ஓரம் மஞ்சளித்தது. அதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. புதிய இயங்குதளம் எதையும் அதற்குத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வங்கிப் பக்கம் திறக்க மறுத்தது. பிறகு மருத்துவமனைப் பக்கம். கடைசியில் மகளோடு முகம் பார்த்துப் பேசும் செயலியும் 'உங்கள் கணினி மிகவும் பழையது' என்று கதவைச் சாத்தியது. கைபேசியில் பேசலாம்தான். ஆனால் அதில் பேரன் தீப்பெட்டிக்குள் அடைபட்டவன் மாதிரித் தெரிந்தான்.

மருமகன் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். நெல்வாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழசானதை எல்லாம் தூக்கிப் போடுவதென்றால் முதலில் தன்னைத்தான் போட வேண்டும் என்று பதில் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து, இந்தச் சனிக்கிழமை தன் கணினிக்குத் தானே புதிய இயங்குதளம் ஏற்றப்போவதாக அறிவித்தும்விட்டாள். அப்படி அறிவிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கைவிடப்பட்ட கணினிகளில் புதிய இயங்குதளத்தை ஏற்ற, உலகத்தின் ஏதோ மூலையில் சிலர் ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தார்கள். அதன் வழிமுறைப் பக்கம் எந்த மொழியிலிருந்தோ இயந்திரம் பெயர்த்த ஸ்பானிஷில் இருந்தது. முதல் வரி: எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கவும். நெல்வா எடுத்தாள். படங்கள், சமையல் குறிப்புகள், யமிலாவின் பள்ளிச் சான்றிதழ்கள், எல்லாமே ஒரு நீல நிறப் பென் டிரைவுக்குள் போயின. தாளைப் படித்துவிட்டு மாத்திரை போடுவது இதுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

சில வரிகள் தள்ளி, புதிய இயங்குதளத்தை எழுத ஒரு காலிப் பென் டிரைவைச் செருகவும் என்று இருந்தது. நெல்வாவிடம் இருந்ததே ஒன்றுதான். அது ஏற்கெனவே செருகித்தான் இருந்தது. 'இதில் உள்ளவை அழிந்துவிடும், தொடரலாமா?' என்று ஒரு பெட்டி கேட்டது. பெட்டி எது கேட்டாலும் ஆம் சொல்லிப் பழகிய விரல். சொல்லிவிட்டது. பிறகு கணினியின் உள்வட்டைத் துடைக்கலாமா என்று இன்னொரு பெட்டி. அதற்கும் ஆம். பிரதிதான் பத்திரமாக இருக்கிறதே.

வெளியே மழை. மாத்தே தேநீர்க் குடுவையில் இலையைப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி உறிஞ்சியபடி, திரையில் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு நகர்ந்தது, நின்றது, செத்ததோ என்று நினைக்கையில் மறுபடி நகர்ந்தது. கடைசியில் ஓர் ஏரியும் மலையுமாகப் புதிய திரை எழுந்து வந்து வரவேற்றபோது, நெல்வா ஆளில்லாத சமையலறையில் கைதட்டினாள்.

அப்புறம் படங்களைத் திரும்ப எடுத்து வைக்கலாம் என்று பென் டிரைவைத் திறந்தாள். உள்ளே என்னென்னவோ விசித்திரப் பெயர்களில் கோப்புகள் இருந்தன. ஒரு படம்கூட இல்லை.

நடந்தது புரியச் சற்று நேரமாயிற்று. காப்பாற்றி வைத்ததைத் தன் கையாலேயே அழித்து, அந்தப் பென் டிரைவைக் கொண்டே மூலத்தையும் அழித்திருந்தாள். வால்தெமார் சாரத்தின் மேல் உட்கார்ந்து, வாய் நிறைய ரொட்டியோடு சிரிக்கும் அந்தப் படமும் போயிருந்தது. அவள் கணவன் கேமராவைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவன் போய் ஒன்பது வருடம்.

அழுகை வரவில்லை. 'கிழவி, கொதிகலன் விட்டுவைத்ததையும் நீ முடித்துவைத்தாய்' என்று மட்டும் தன்னிடம் சொல்லிக்கொண்டாள். போதாக்குறைக்குப் புதிய இயங்குதளம் வைஃபையையும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு ஒரு சிறு கோப்பை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, எதிர்வீட்டு ஏபெரின் கதவைத் தட்டினாள்.

ஏபெர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், தனி ஆள். மழை நாளானதால் மாவு பிசைந்து வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தான். அவன் தட்டை நீட்டினான். அவள் வாங்காததிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டான். அவன் கணினியில் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கையில் நெல்வா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. இதுக்குன்னு ஒரு பட்டம் இருந்தா எனக்குத்தான் குடுக்கணும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. அந்தப் படங்களை ஸ்கேன் செய்த காலத்தில், தெரிந்தவர் எல்லாருக்கும் வாரம் தவறாமல் வீட்டுச் சேதிகளோடு மின்னஞ்சலில் அனுப்பித் தொல்லை கொடுத்தவள் அவள். அனுப்பியவற்றின் பிரதிகளை, இடம் போதவில்லை என்று அவளே எப்போதோ காலி செய்திருந்தாள். சித்தி மகள், அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். மருந்துக்கடை முதலாளி கூச்சமே இல்லாமல், பார்த்ததும் அழித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஏபெர் ஒருவன்தான் ஒவ்வொரு தடவையும் முற்றத்தில் எதிர்ப்பட்டபோது "பிரமாதம் நெல்வா, பிரமாதம்" என்று சொன்னவன்.

"உனக்கு அனுப்பினேனே!"

ஏபெர் கரண்டியைக் கீழே வைத்தான். "இரு, நானே தேடித் தர்றேன். நீ அப்பால போய் சூடா ரெண்டு சாப்பிடு."

அதற்குள் நெல்வா தன் பெயரைத் தட்டித் தேடிவிட்டாள். திரை நிறைய அவள் பெயர். உருட்ட உருட்டத் தீரவில்லை. எல்லாமே தடித்த கறுப்பு எழுத்தில்.

"ஏபெர், இதெல்லாம் ஏன் தடிச்சு இருக்கு?"

"எனக்குக் கண்ணு சரியில்ல. அதான் பெருசா வெச்சிருக்கேன்."

"பஸ் சங்கத்துக்காரங்க அனுப்பினது மட்டும் மெலிசா இருக்கே. திறந்து பாத்ததுதான மெலிசாகும்?"

அவன் எண்ணெய்ச் சட்டியையே பார்த்தான். "வாரத்துக்குப் பத்துப் பன்னெண்டு அனுப்புவ. அப்புறமா நிதானமா பாக்கலாம்னு வெச்சிருந்தேன். அழிக்க மனசு வரல."

"பிரமாதம்னு சொன்னியே."

"பிரமாதமாத்தான் இருக்கும்னு நம்பினேன், நெல்வா."

கோபப்படத்தான் நினைத்தாள். எட்டு வருடமாக ஒரு மனிதன் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். ஆனால் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அழித்துவிட்டார்கள். பார்க்காத இவனிடம் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது. நெல்வாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். சாந்து கலக்கும் இயந்திரம், மழையில் நனைந்த செங்கல் குவியல், கோணல் சுவருக்கு முன்னால் கொத்துக் கரண்டியோடு நிற்கும் அவளே. அப்புறம் வால்தெமார் வந்தான், வாய் நிறைய ரொட்டியோடு. அதில் கொஞ்ச நேரம் நின்றாள். ஏபெர் அடுப்பை அணைத்தான்.

இந்தத் தடவை படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தார்கள். பென் டிரைவை ஏபெர் தன் கையால் செருகினான், தன் கையால் எடுத்தான். நெல்வா விட்டுக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வைஃபை வந்தது. யமிலா திரையில் முழு முகமாக வந்தாள், மடியில் பேரன். மடிக்கணினியின் விசிறி மேட்டில் ஏறும் பேருந்து போல இரைந்தது.

"என்னம்மா சத்தம், அங்க மழையா?"

"இல்லடி. இதுக்கு மூச்சு வாங்குது. வயசாயிடுச்சில்ல."

பின்னால் நின்ற மருமகன் புருவத்தை உயர்த்தினான். ஏபெர் வாயிலாகக் கதை பரவுவதற்குள் நெல்வாவே மகளிடம் பென் டிரைவ் சங்கதியை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுவாரம் குடியிருப்புக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகும் இரண்டு பேர் தங்கள் பழைய கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அவள் நெல்வாவே இல்லை.

ஏபெரோ குற்ற உணர்ச்சியில் முதல் மின்னஞ்சலிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினான். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. முற்றத்தில் அவளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் பிரமாதம் என்று சொல்வதில்லை. எட்டு வருடத்துக்கு முந்தைய செய்திகளை விசாரிக்கிறான். நேற்று பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கியபடி நிஜமான கவலையோடு வந்து நின்றான்.

"கடவாப் பல்லு வலி தாங்கலன்னு எழுதியிருந்தியே, இப்ப எப்படி இருக்கு?"

"அதைப் புடுங்கியாச்சு, ஏபெர்," என்றாள் நெல்வா, அவன் நீட்டிய மாத்தேயை வாங்கிக்கொண்டு.